பட்டை கட்டியாச்சு, பேசாதீங்க!

பிரஷர் பற்றியும் இதயப் பரிசோதனைகள் பற்றியும் வந்த கடிதங்களுக்கே இந்த முறை பகுதி முழுவதும். எழுதியவர்களில் பாதிப் பேர் பெயரைப் போட வேண்டாம் என்றார்கள். மீதிப் பேர் வீட்டுக்குத் தெரியக்கூடாது என்றார்கள். ஆகவே ஊர் மட்டும்.

வீட்டில் பார்த்தால் 126/78. டாக்டர் பார்த்தால் 158/94. இதில் எது என் பிரஷர்? (கும்பகோணம்)

இரண்டும் உங்களுடையதுதான். முதலாவது ஈஸிசேரில் சாய்ந்திருந்தபோது வந்தது, இரண்டாவது டோக்கன் நம்பரைக் கூப்பிட்டதும் வந்தது. டாக்டரைக் கண்டால் மட்டும் ஏறுவதற்கு ‘வெள்ளைக் கோட்டு’ ரத்த அழுத்தம் என்றே மருத்துவத்தில் பெயர். அது பிரமை இல்லை, நிஜமாகவே ஏறுகிறது. இதற்கு நேர்மாறான ஆசாமிகளும் உண்டு. டாக்டர் முன்னால் 124, ஆபீஸில் 150. இதை ‘மறைந்திருக்கும்’ ரத்த அழுத்தம் என்பார்கள். எனக்குக் கவலை உங்களைவிட இவர்களைப் பற்றித்தான். நார்மல் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களே!

சந்தேகம் தீர ஒரு வழி, 24 மணி நேரக் கருவியைக் கையில் கட்டி அனுப்புவது. பகலில் கால் மணி, அரை மணிக்கு ஒரு தரம் புஸ்ஸென்று ஊதிக்கொள்ளும். ராத்திரி தூங்கவிடாது என்று திட்டுவீர்கள். ஆனால் அது வேலை பார்ப்பதே ராத்திரிக்காகத்தான். தூக்கத்தில் பிரஷர் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். இறங்காதவர்களுக்குப் பக்கவாதம், மாரடைப்பு அபாயம் கூடுதல். பகல் 11 மணிக்கு எந்த டாக்டரும் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

கிளினிக்கில் எல்லைக்கோடு 140/90 என்றால் வீட்டில் 135/85. உங்கள் வீட்டு அளவு எல்லைக்குள்தான் இருக்கிறது. ஒரு நாள் பார்த்ததா, ஒரு வாரம் பார்த்ததா என்று எழுதவில்லையே?

என் கணவருக்குப் பிரஷர் பார்க்கும்போது நான் பேசினால் அவருக்கு ஏறுகிறதாம். உண்மையா? (நாகர்கோவில்)

பேசுகிறவருக்குத்தான் ஏறும். பதில் சொல்ல அவர் வாயைத் திறந்தால் அவருக்கும் ஏறும். மெஷின் ஓடும் அந்த ஒரு நிமிடம் இரண்டு பேரும் சும்மா இருங்கள். அப்புறம் உங்கள் பாடு.

120/80 என்கிறார்களே, எதன் 120? (பொள்ளாச்சி)

பாதரசத்தின். இதயத்தின் இடது கீழறை சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது குழாயில் இருக்கும் அழுத்தம் 120 மில்லிமீட்டர் உயரப் பாதரசத்தைத் தூக்கி நிறுத்தும். அறை தளர்ந்து நிரம்பும்போது மிச்சமிருக்கும் அழுத்தம் 80. பாதரசம் தண்ணீரைப் போல 13.6 மடங்கு கனம் என்பதால்தான் கருவி மேஜைமேல் அடங்குகிறது. அதற்குப் பதில் ரத்தத்தையே குழாயில் ஏற்றினால் அந்த 120 ஏறக்குறைய ஐந்தடி உயரம் போகும். டாக்டர் ஸ்டூல் போட்டு ஏறி ரீடிங் எடுக்க வேண்டியிருக்கும்.

உலகத்தில் முதன்முதலில் பிரஷர் பார்த்துக்கொண்ட நோயாளி யார்? (காரைக்குடி)

ஒரு பெண் குதிரை. நோயாளி என்றுகூடச் சொல்ல முடியாது, வேலைக்கு ஆகாது என்று கொல்ல வைத்திருந்த குதிரை. பார்த்தவரும் டாக்டர் இல்லை, பாதிரியார். இங்கிலாந்தில் டெடிங்டன் என்ற ஊரின் ஸ்டீபன் ஹேல்ஸ். குதிரையை மல்லாக்கக் கட்டிப் போட்டு, தொடைத் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதன்மேல் ஒன்பதடிக் கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். ரத்தம் இதயத்தின் மட்டத்திலிருந்து 8 அடி 3 அங்குலம் ஏறி நின்றது. ஒவ்வொரு துடிப்புக்கும் மேலும் கீழும் ஆடியதையும் குறித்துவைத்தார். 1733-ல் புத்தகமாகவும் போட்டார்.

குழாயை வெட்டாமல் மனிதரிடம் கையில் பட்டை கட்டிப் பார்க்க இன்னும் 160 வருஷத்துக்கு மேல் ஆனது. 1896-ல் இத்தாலியின் டூரின் நகரில் சிப்பியோனே ரிவா-ரோச்சி, சைக்கிள் டியூபைக் கையில் சுற்றிக் காற்றடித்து, மணிக்கட்டில் நாடி எப்போது மறைகிறது, எப்போது திரும்புகிறது என்று பாதரசக் குழாயைப் பார்த்துச் சொன்னார். மேல் எண் கிடைத்துவிட்டது. கீழ் எண்ணுக்கு ஒரு ரஷ்யர் வர வேண்டியிருந்தது. அவர் அடுத்த கேள்விக்காரருக்குப் பதிலாக வருகிறார்.

முழங்கை மடிப்பில் ஸ்டெத்தை வைத்துக்கொண்டு டாக்டர் அப்படி என்னதான் கேட்கிறார்? (திருவண்ணாமலை)

ரத்தம் தடையில்லாமல் ஓடும் குழாயில் சத்தமே கிடையாது. பட்டையை இறுக்கி ஓட்டத்தை அடியோடு நிறுத்தினாலும் சத்தம் கிடையாது. இரண்டுக்கும் நடுவே, காற்றை மெதுவாக இறக்கும்போது, ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் நசுங்கிய குழாயை முட்டித் திறந்துகொண்டு பாய்கிறது. அப்போது கேட்பதுதான் டக், டக். முதல் டக் கேட்ட இடம் மேல் எண். சத்தம் அடங்கும் இடம் கீழ் எண்.

இதைக் கண்டவர் நிகோலாய் கொரோட்கோவ். இதய மருத்துவர் இல்லை, அறுவை மருத்துவர். ரஷ்ய-ஜப்பானியப் போரில் அடிபட்டவர்களின் ரத்தக் குழாய் காயங்களைப் பார்த்தவர். ஒரு குழாயைக் கட்டிவிட்டால் கை கால் பிழைக்குமா என்று அறியக் குழாய்களின்மேல் ஸ்டெத் வைத்துக் கேட்கப்போய், இது அகப்பட்டது. 1905-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அவர் கொடுத்த அறிக்கை ஒரு பக்கம்கூட இல்லை. இன்றைக்கு அந்த நீளத்தில் ஆய்வேடு கொடுத்தால் நன்றியுரை எங்கே என்று கேட்பார்கள்.

அவர் முறையில் ஒரு நிபந்தனை உண்டு. காற்றை நொடிக்கு 2, 3 மில்லிமீட்டர் வீதம்தான் இறக்க வேண்டும். வெளியே வரிசை நிற்கிறதே என்று புஸ்ஸென்று விட்டால் முதல் டக் காதில் விழுவதற்குள் பாதரசம் பத்துப் பன்னிரண்டு கீழே போயிருக்கும். இன்னொரு வம்பும் இருக்கிறது. சிலருக்கு, முக்கியமாக வயதானவர்களுக்கு, சத்தம் தொடங்கி நடுவில் கொஞ்ச தூரம் காணாமல்போய்த் திரும்ப வரும். அந்த இடைவெளியில் ஸ்டெத்தை வைத்த டாக்டர் 180-ஐ 150 என்று எழுதிவிடுவார். அதனால்தான் பழைய ஆசிரியர்கள் முதலில் நாடியை விரலால் தொட்டு அது மறையும் இடத்தைப் பார், அப்புறம் ஸ்டெத்தை எடு என்று மாணவர்களைத் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள்.

எலெக்ட்ரானிக் மெஷினுக்குக் காது ஏது? அது எப்படிச் சொல்கிறது? (சிவகாசி)

காது இல்லை, தொடு உணர்ச்சிதான். துடிப்புக்குத் துடிப்பு பட்டைக்குள் காற்று லேசாக அதிர்கிறது. அந்த அதிர்வு எந்த அழுத்தத்தில் உச்சத்துக்குப் போகிறதோ அது சராசரி அழுத்தம். அதிலிருந்து மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் மெஷின் கணக்குப் போட்டு ஊகிக்கிறது. கணக்கின் சூத்திரம் ஒவ்வொரு கம்பெனிக்கும் ரகசியம். ஆகவே மலிவாகக் கிடைத்தது என்று வாங்காமல், முறைப்படி சோதித்துத் தேறிய மாடலா என்று பாருங்கள். முதல் தடவை அதையே கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போய் டாக்டர் கருவியோடு ஒத்துப்பாருங்கள்.

இதயம் தாளம் தப்பித் துடிப்பவர்களுக்கு மெஷின் தடுமாறும். அவர்களுக்கு ஒரு முறை பார்த்தது கணக்கில்லை. மூன்று முறை பார்த்துச் சராசரி எடுங்கள்.

ஆறு மாதமாக என் பிரஷர் நோட்டில் 130/80, 140/90, 130/80 என்றே இருக்கிறது. என் உடம்பு இவ்வளவு ஒழுங்கா? (விருத்தாசலம்)

எழுதியவர் கை ஒழுங்கு. பாதரசக் கருவியில் கோடுகள் இரண்டிரண்டாக இருக்கும். கடைசி இலக்கம் 0, 2, 4, 6, 8 என ஐந்தில் ஒன்று. நேர்மையாக எழுதினால் ஐந்தில் ஒரு தடவைதான் பூஜ்யம் வரும். எல்லாமே பூஜ்யம் என்றால் உங்கள் பிரஷர் அல்ல, யாரோ ஒருவரின் அவசரம்தான் நோட்டில் பதிவாகியிருக்கிறது.

அந்தப் பாதரசக் கருவியே இப்போது கண்ணில் படவில்லையே? (தஞ்சாவூர்)

ஜப்பானில் மினமாட்டா என்ற கடலோர ஊரில் ஆலைக் கழிவுப் பாதரசம் மீனுக்குப் போய், மீனிலிருந்து மனிதர்களுக்குப் போய் நரம்புகளைத் தின்றது. அந்த ஊர் பெயரிலேயே 2013-ல் ஓர் உலக ஒப்பந்தம் போட்டு, 2017-ல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். பாதரசப் பிரஷர் கருவியும், தெர்மாமீட்டரும் விடைபெறும் பட்டியலில் சேர்ந்தன. கருவியின்மேல் குற்றமில்லை. சொல்லப்போனால் அதைவிட நம்பகமான ஒன்று வரவில்லை என்று முணுமுணுக்கும் மூத்த டாக்டர்கள் இன்னும் இருக்கிறார்கள். உடைந்தால்தான் வினை. மில்லிமீட்டர் பாதரசம் என்ற அளவு மட்டும் கருவி போன பின்னும் பதவியில் நீடிக்கிறது.

பிரஷரைச் சரியாகப் பார்ப்பது எப்படி? நாலு வரியில் சொல்லவும். (ஈரோடு)

நாலு வரியில் பார்ப்பதால்தான் தப்பாகப் பார்க்கிறார்கள். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

அரை மணி நேரத்துக்குள் காபி, சிகரெட், மாடிப்படி இருக்கக் கூடாது. சிறுநீர் முட்டிக்கொண்டு இருக்கும்போது பார்த்தால் அதற்கும் ஒரு பங்கு ஏறும், போய்விட்டு வாருங்கள். முதுகு சாய்மானத்தில், பாதம் இரண்டும் தரையில், கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் உட்காருங்கள். நம் ஊர்க் கிளினிக்குகளில் நோயாளிக்குப் போடுவது சாய்மானமே இல்லாத சுழல் ஸ்டூல். அதை ஒழித்தாலே பாதிப் பிழை ஒழியும் என்பது என் கட்சி.

கை இதயத்தின் மட்டத்தில், மேஜைமேல் தளர்வாக இருக்க வேண்டும். இது சின்ன விஷயம் இல்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 2024-ல் வெளியிட்ட ஆய்வில், கையை மடியில் வைத்திருந்தால் மேல் எண் சுமார் 4, பக்கத்தில் தொங்கவிட்டால் ஆறரை கூடுதலாகக் காட்டியது. 134-க்கும் 140-க்கும் நடுவில் இருப்பவர் வாழ்நாள் மாத்திரைக்குப் போவதற்கு அது போதும்.

பட்டை வெறும் தோலின்மேல் கட்டப்பட வேண்டும். சட்டையைச் சுருட்டி மேலே ஏற்றினால் அது ஒரு கயிறு மாதிரி இறுக்கும், கழற்றிவிடுங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பாருங்கள். வீட்டில் பார்ப்பவர்கள் ஒரு வாரம், காலையும் மாலையும் பார்த்து, முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மிச்சத்துக்குச் சராசரி எடுங்கள். பதற்றத்தில் ஒரே மணி நேரத்தில் ஏழு தடவை பார்ப்பவர்கள் மெஷினைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவைக்கவும்.

எனக்குக் கை கொஞ்சம் பருமன். பிரஷர் எப்போதும் கூடுதலாகவே காட்டுகிறது. (மதுரை)

பட்டை சின்னதாக இருக்கும். உள்ளே இருக்கும் காற்றுப் பை கைச் சுற்றளவில் 80 சதவீத நீளமாவது சுற்றி வர வேண்டும். சின்னப் பட்டை கூட்டிக் காட்டும், பெரிய பட்டை குறைத்துக் காட்டும். மிகப் பெரிய பட்டை தேவைப்படுபவர்களுக்குச் சாதாரணப் பட்டையைக் கட்டிப் பார்த்த 2023-ம் ஆண்டு ஆய்வில் மேல் எண் சராசரியாக 19.5 கூடுதலாக வந்தது. அத்தனையும் பொய். பல மருத்துவமனைகளில் ஒரே ஒரு பட்டைதான் இருக்கிறது, பத்து வயதுப் பையனுக்கும் அதுவே, பயில்வானுக்கும் அதுவே. உங்கள் கைச் சுற்றளவை டேப்பில் அளந்து குறித்துக்கொண்டு போய், எந்த சைஸ் பட்டை என்று கேளுங்கள். முறைத்தாலும் கேளுங்கள்.

இடது கையில் 132, வலது கையில் 148. நான் ஓர் ஆளா, இரண்டு ஆளா? (சேலம்)

ஓர் ஆள்தான். ஆனால் டாக்டரைப் பார்க்க வேண்டிய ஆள். ஐந்து, ஆறு வித்தியாசம் எல்லோருக்கும் இருக்கும். திரும்பத் திரும்பப் பார்த்தும் 10, 15-க்கு மேல் என்றால், குறைவாகக் காட்டும் கைக்குப் போகும் குழாயில் அடைப்பு இருக்கக்கூடும். இனி எப்போதும் கூடுதலாகக் காட்டும் கையிலேயே பாருங்கள். குறைந்த கை சொல்வது காதுக்கு இனிமையாக இருக்கிறது என்று அதை நம்பாதீர்கள்.

கையில் பார்த்தால் 130. எக்கோ ரிப்போர்ட்டில் ‘பிஏ பிரஷர் 28’ என்று இருக்கிறது. எதை நம்ப? (புதுச்சேரி)

இரண்டையும். அது வேறு குழாய். இதயத்தின் வலது பக்கத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் தமனியின் அழுத்தம் 28. அந்தப் பக்கம் எப்போதும் குறைந்த அழுத்தத்தில் ஓடும் தடம். அங்கே 130 இருந்தால் நீங்கள் கடிதம் எழுதிக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

ஊசி குத்தாமல் அதை எப்படி அளந்தார்கள் என்பதுதான் அழகு. வலது வால்வில் பெரும்பாலானவர்களுக்குத் துளி ரத்தம் பின்னால் கசியும். அது எந்த வேகத்தில் கசிகிறது என்று டாப்ளர் ஒலி சொல்லிவிடும். வேகத்தை வர்க்கப்படுத்தி நாலால் பெருக்கினால் அழுத்த வித்தியாசம். உங்களுக்கு வேகம் நொடிக்கு 2.4 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 23 வரும். மேலறை அழுத்தம் என்று ஓர் 5 சேர்த்தால் 28. பள்ளிக்கூடத்தில் பெர்னூலி தத்துவம் எதற்கு என்று கேட்டீர்களே, இதற்குத்தான்.

எக்கோவில் பம்பிங் 62 சதவீதம். மீதி 38 எங்கே போச்சு? (திருநெல்வேலி)

எங்கேயும் போகவில்லை, உள்ளேயே இருக்கிறது. இருக்க வேண்டிய இடமும் அதுதான். இது நூற்றுக்கு எத்தனை மார்க் என்பதல்ல. நிரம்பிய இடது கீழறையில் 120 மில்லி ரத்தம் இருந்தால், ஒரு துடிப்பில் 70 மில்லி வெளியே போகும், 50 மில்லி அடுத்த முறைக்குத் தங்கும். 70-ஐ 120-ஆல் வகுத்தால் 58 சதவீதம். ஆண்களுக்கு 52 முதல் 72, பெண்களுக்கு 54 முதல் 74 வரை நார்மல். நூறு சதவீதம் பம்பிங் உள்ள இதயம் எங்கும் கிடையாது. உங்கள் மருமகனுக்கு 68, மகளுக்கு 60 என்று சம்பந்தி வீட்டில் ஒப்பிட்டுப் பேசுவதையும் நிறுத்திவிடலாம், இரண்டும் ஒன்றே.

இன்னொன்று. போன வருஷம் 62, இந்த வருஷம் 57 என்று தூக்கம் கெடுபவர்கள் ஏராளம். துடிக்கிற அறையின் ஓரத்தைத் திரையில் கோடு போட்டுத்தான் இதை அளக்கிறார்கள். ஒரே ஆளை ஒரே நாளில் இரண்டு பேர் அளந்தால்கூட ஐந்து புள்ளி அப்படி இப்படி வரும். 60-லிருந்து 38-க்கு இறங்கினால் அது செய்தி.

எனக்குப் பம்பிங் 60. ஆனாலும் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. டாக்டர் இதயச் செயலிழப்பு என்கிறார். தப்பாகச் சொல்கிறாரா? (வேலூர்)

இல்லை. இதயத்துக்கு இரண்டு வேலை: சுருங்குவது, தளர்ந்து நிரம்புவது. பம்பிங் சதவீதம் முதல் வேலையைத்தான் பேசும். பல வருஷப் பிரஷரில் தசை தடித்து விறைத்துப்போனால் சுருங்குவது நன்றாக இருக்கும், நிரம்புவதுதான் முரண்டு பிடிக்கும். நிரம்பாத ரத்தம் நுரையீரலில் தேங்கும், மூச்சு வாங்கும். பம்பிங் குறையாத இதயச் செயலிழப்பு என்று இதற்குத் தனி வகையே இருக்கிறது. வயதான, பிரஷரும் சர்க்கரையும் உள்ள பெண்களிடம் அதிகம். ‘பம்பிங் நல்லா இருக்கு, ஒண்ணுமில்ல’ என்று அனுப்பப்பட்டவர்கள் பலர் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். உங்கள் டாக்டரை விடாதீர்கள்.

எக்கோவைக் கண்டுபிடித்தவர் யார்? (கோவில்பட்டி)

சுவீடனில் லுண்ட் நகரத்து டாக்டர் இங்கே எட்லரும், இயற்பியலாளர் ஹெல்முத் ஹெர்ட்ஸும். மால்மோ கப்பல் கட்டும் தளத்தில் இரும்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வைத்திருந்த ஒலிக் கருவியை இரவல் வாங்கி நெஞ்சில் வைத்துப் பார்த்தார்கள். 1953 அக்டோபரில் இதயம் அசைவது திரையில் விழுந்தது.

ஈசிஜி நார்மல். அப்படியானால் இதயத்துக்கு ஒன்றுமில்லைதானே? (ராமநாதபுரம்)

அந்தப் பத்து நொடியில் ஒன்றுமில்லை. ஈசிஜி இதயத்தின் மின்சாரத்தைப் பார்க்கிறது, தண்ணீர்க் குழாயை அல்ல. 70 சதவீத அடைப்பு உள்ளவருக்கும் படுத்திருக்கையில் ஈசிஜி சமர்த்தாக இருக்கலாம். மாரடைப்பின் முதல் ஒரு மணி நேரத்தில்கூட நார்மலாக வருவதுண்டு. அதனால்தான் நெஞ்சுவலியோடு வந்தவருக்குத் திரும்பத் திரும்ப ஈசிஜி எடுத்து, ரத்தத்தில் இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் டிரோபோனினும் பார்க்கிறார்கள். ‘நேத்துதான் எடுத்தேன், நார்மல்’ என்று வலியோடு வீட்டில் உட்கார்ந்திருப்பது மகா தப்பு.

பத்து ஒட்டுப் பட்டன்களோடு முடிந்துவிடும் இந்தச் சோதனை, நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லெம் ஐந்தோவன் தொடங்கியபோது 270 கிலோ எடை. இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி கை கால்களை உப்புத் தண்ணீர் வாளிகளில் விட்டுக்கொண்டு உட்கார வேண்டும். கருவியை நகர்த்த முடியாததால் மருத்துவமனையிலிருந்து ஆய்வுக்கூடம் வரை ஒன்றரை கிலோமீட்டர் டெலிபோன் கம்பி இழுத்து இதயத்தின் மின்துடிப்பை வரவழைத்தார். 1924-ல் நோபல் கொடுத்தார்கள்.

டிரெட்மில் டெஸ்டில் ஓடும்போதும் பிரஷர் பார்க்கிறார்களே, ஏறாமல் என்ன செய்யும்? (ஓசூர்)

ஏற வேண்டும், அதைத்தான் பார்க்கிறார்கள். மேல் எண் படிப்படியாக ஏறினால் இதயம் வேலைக்குத் தக்கபடி தள்ளுகிறது. வேகம் கூட்டக் கூட்டப் பிரஷர் இறங்கினால் உடனே நிறுத்திவிடுவார்கள், அது நல்ல சகுனம் இல்லை. மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை வேகமும் ஏற்றமும் கூடும் அந்த முறை, அமெரிக்காவின் சியாட்டில் நகர டாக்டர் ராபர்ட் புரூஸ் வகுத்தது.

இதயத்துக்குள் குழாய் விட்டுப் பார்ப்பதை முதலில் யாருக்குச் செய்தார்கள்? அந்த ஆளுக்கு எவ்வளவு தைரியம்! (திருப்பூர்)

செய்தவரும் செய்துகொண்டவரும் ஒருவரே. 1929, ஜெர்மனியில் எபர்ஸ்வால்டே என்ற சிற்றூர். படிப்பை முடித்துப் பயிற்சியில் இருந்த வெர்னர் ஃபோர்ஸ்மான், கைச் சிரை வழியாக ரப்பர் குழாயை இதயம் வரை விடலாம் என்றார். மேலதிகாரி கூடாது என்றார். கருவிகளின் சாவி ஒரு நர்ஸிடம் இருந்தது. அவரைப் பேசிக் கரைத்தார். அந்தம்மா, செய்வதானால் எனக்கே செய் என்று முன்வந்தார். சரி என்று அவரை மேஜையில் படுக்கவைத்துக் கட்டிப் போட்டுவிட்டு, இவர் திரும்பி நின்று தன் கையையே மரத்துப்போகச் செய்து, வெட்டி, 65 சென்டிமீட்டர் குழாயை உள்ளே செலுத்திக்கொண்டார். அப்புறம் கட்டவிழ்த்து, ஏமாந்துபோய்க் கோபத்தில் இருந்த நர்ஸையும் அழைத்துக்கொண்டு, குழாய் தொங்கக் கீழ்த்தளத்துக்கு நடந்துபோய் எக்ஸ்ரே எடுத்தார். நுனி வலது மேலறையில் இருந்தது.

பாராட்டுக்குப் பதில் வசவுதான் கிடைத்தது. இதயத்தை விட்டு விலகிச் சிறுநீரியல் மருத்துவத்துக்குப் போய்விட்டார். அமெரிக்காவில் கூர்னாண்டும் ரிச்சர்ட்ஸும் அந்தக் குழாயை எடுத்துக்கொண்டு இதய அறைகளின் அழுத்தத்தை அளக்கும் தனித் துறையையே வளர்த்தார்கள். 1956-ல் மூவருக்கும் சேர்த்து நோபல். இன்றைய ஆஞ்சியோ அறைகளெல்லாம் அந்தப் படிக்கட்டிலிருந்து வந்தவை. நர்ஸுக்கு ஒரு படம்கூட மாட்டியதாகத் தெரியவில்லை என்பது என் தனிப்பட்ட குறை.

என் ஸ்மார்ட் வாட்ச் பிரஷர் சொல்கிறது. பட்டை தேவையா? (சென்னை-42)

வாட்ச் அளப்பது தோலுக்கடியில் ரத்தம் வந்து போகும்போது வெளிச்சம் எப்படி மாறுகிறது என்பதை. அதிலிருந்து பிரஷரை ஊகிக்க, முதலில் பட்டை கட்டி எடுத்த அளவை நீங்களே ஊட்ட வேண்டும், சில வாரங்களுக்கு ஒரு முறை புதுப்பிக்கவும் வேண்டும். பட்டை சொன்னதை வாட்ச் திருப்பிச் சொல்கிறது. துடிப்பு எண்ண, தாளம் தப்புவதைக் கவனிக்க வாட்ச் கெட்டிக்காரத்தனமானது. மாத்திரை அளவை அதை வைத்து மாற்றாதீர்கள்.

அந்தக் காலத்தில் நாடி பிடித்தே எல்லாம் சொன்னார்களே? (பழனி)

துடிப்பின் எண்ணிக்கை, தாளம், வலு எல்லாம் தேர்ந்த விரலுக்குத் தெரியும். நான் இன்றும் முதலில் தொடுவது நாடியைத்தான். ஆனால் 150-க்கும் 130-க்கும் வித்தியாசம் விரலுக்குத் தெரியாது.

எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. உட்கார்ந்தால் பிரஷர் 140. மாத்திரை கூட்டலாமா? (மயிலாடுதுறை)

அவசரப்படாதீர்கள். படுத்துப் பார்த்துவிட்டு, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20, அல்லது கீழ் எண் 10 இறங்கினால் உங்கள் சிக்கல் வேறு. சர்க்கரைக்காரர்களுக்கும் முதியவர்களுக்கும் இது சகஜம். ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டவர்களில் எத்தனை பேரை யாராவது ஒரு நாள் நிற்கவைத்துப் பார்த்திருப்பார்கள்? நின்று பார்க்கும் பழக்கமே நம் மருத்துவமனைகளில் அருகிவிட்டது.

ஜிம்மில் எடை தூக்கும்போது பிரஷர் எவ்வளவு போகும்? (தூத்துக்குடி)

1985-ல் வெளியான ஒரு கனடிய ஆய்வில், பாடி பில்டர்களின் கைத் தமனிக்குள்ளேயே குழாய் வைத்து அளந்தார்கள். காலால் எடையைத் தள்ளும்போது சராசரி 320/250. ஒருவருக்கு 480/350. சில நொடிதான், இறங்கிவிட்டது. மூச்சை அடக்கித் தம் பிடித்துத் தூக்குவதும் இதற்கு ஒரு முக்கியக் காரணம். உங்களுக்கு ஏற்கெனவே பிரஷர் இருந்தால் மூச்சை விட்டுக்கொண்டே தூக்குங்கள்.

பிரஷர் இருக்கிறது. ஆனால் எனக்கு ஒன்றும் செய்யவில்லையே! (கடலூர்)

அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கும் ஒன்றும் செய்யவில்லை என்றுதான் சொன்னார்கள். தினமும் அவரைப் பார்த்த டாக்டர் காது மூக்கு தொண்டை நிபுணர். 1944 மார்ச்சில் ஹோவர்ட் புரூயன் என்ற இளம் இதய மருத்துவர் பார்த்தபோது 186/108, இதயம் வீங்கியிருந்தது. உப்பைக் குறைத்து, சிகரெட்டைக் குறைத்து, ஓய்வு கொடுத்துப் பார்த்தார். பிரஷருக்கென்று அன்றைக்கு நல்ல மருந்து இல்லை. 1945 ஏப்ரல் 12, ஓவியர் தன்னை வரைவதற்காக உட்கார்ந்திருந்தவர் தலைவலி என்று சாய்ந்தார். அப்போது புரூயன் எடுத்த அளவு 300/190. அன்றே போய்விட்டார்.

அதற்கு நாலே வருஷத்தில், 1949-ல், பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல் நம் சர்ப்பகந்தி வேர் பிரஷரைக் குறைப்பதைப் பிரிட்டிஷ் இதய இதழில் எழுதினார். அதிலிருந்து பிரித்த ரிசர்பின் கொஞ்ச காலம் உலகம் முழுக்க ஓடியது. உங்கள் மேஜையில் இன்றைக்கு அதைவிட நல்ல மாத்திரைகள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. ரூஸ்வெல்ட்டிடம் ஒன்றுகூட இல்லை.

வீட்டுக்கே வந்து பிரஷர் பார்க்கிறார்களே, அது நம்பகமா? (தர்மபுரி)

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் உங்கள் பக்கத்து மாவட்டத்தில்தான் தொடங்கியது. 2021 ஆகஸ்ட் 5, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளி. என் கணிப்பில், மூச்சிரைக்க பஸ் பிடித்து வந்து ஸ்டூலில் உட்கார்ந்து பார்ப்பதைவிட உங்கள் வீட்டுத் திண்ணையில் தன்னார்வலர் பார்ப்பது நிஜத்துக்கு நெருக்கமானது. வந்ததும் வராததுமாகக் கையை நீட்டாமல், அவருக்குத் தண்ணீர் கொடுத்து ஐந்து நிமிடம் கழித்து நீட்டுங்கள். மெஷினை எப்போது சரிபார்த்தார்கள் என்றும் கேட்டுவையுங்கள்.

நாடியே துடிக்காமல் உயிரோடு இருப்பவர்கள் உண்டா? (ஆரணி)

உண்டு. இடது கீழறைக்குத் துணையாகச் சுழலும் பம்ப் பொருத்திக்கொண்டவர்களில் பலருக்கு ரத்தம் இடைவிடாமல் ஓடும், நாடி கையில் சிக்காது. அவர்களுக்குப் பட்டையோடு டாப்ளர் வைத்து ஒரே ஓர் எண்தான் எடுப்பார்கள். மேல், கீழ் என்ற வழக்கே அங்கே இல்லை.

மாத்திரை சாப்பிட்டு மூன்று மாதமாக 120/80. நிறுத்திவிடலாமா? (அரியலூர்)

120/80 மாத்திரை போட்டதால் வந்த அளவு. நீங்களாக நிறுத்தக் கூடாது. குறைக்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

போகிற போக்கில் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பிரஷர் பற்றி எழுதுகிறவர்கள் எண்ணோடு எந்தக் கை, எத்தனை மணி, உட்கார்ந்தா நின்றா, மாத்திரைக்கு முன்பா பின்பா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வெறும் எண்ணை அனுப்பி ‘நார்மலா?’ என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் போடவில்லை.